சூடேறியதும் ஐட்லிங்கில் அணைந்துவிடும் பழைய பிக்கப்: குறை கார்புரேட்டரில்தானா?

கேள்வி: என்னிடம் 1986ஆம் ஆண்டைச் சேர்ந்த, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பிக்கப் வண்டி உள்ளது. இரண்டு மாதங்களுக்கு முன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரிப்பேர் கிட்டில் வந்த புதிய கேஸ்கட்டுகளைப் போட்டு நானே பூட்டினேன். அன்று முதல், காலையில் சோக்கில் (காற்றைக் குறைத்துக் கலவையைச் செறிவாக்கும் தகடு மூடியிருக்கும்போது) நன்றாக ஓடும் எஞ்சின் பத்துப் பதினைந்து நிமிடங்களில் சூடேறியதும் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில், தள்ளாடுகிறது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே திருகினாலும் வெளியே திருகினாலும் எஞ்சினில் மாற்றமே இல்லை. ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றி 1,200 ஆர்.பி.எம். வைத்துத்தான் ஓட்டுகிறேன். இப்போது சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சில விநாடிகள் குலுங்கியபடி ஓடுகிறது. பட்டறையில் புதிய கார்புரேட்டர் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகளில் ஒன்றுகூட அந்தக் கார்புரேட்டர் உபயோகமற்றுப் போய்விட்டது என்று சொல்லவில்லை. எஞ்சினுக்குக் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ போகிறது, அல்லது ஐட்லிங்குக்கு உரிய பெட்ரோல் அதன் வழியில் வரவில்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவை சொல்கின்றன. புதிய கார்புரேட்டரைப் பூட்டிய பின்னும் வெளியிலிருந்து காற்று புகுந்துகொண்டிருந்தால், அதே தள்ளாட்டம் அப்படியே தொடரும். கையில் இருந்த பணமும் போயிருக்கும்.

நீங்கள் எழுதியவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகினால் எஞ்சினில் மாற்றம் இல்லை என்ற ஒரு வரிதான். ஆரோக்கியமான எஞ்சினில் அந்த ஸ்க்ரூவை முழுவதும் உள்ளே திருகினால் எஞ்சின் திணறி அணைந்தே தீர வேண்டும். அணையவில்லை என்றால், எஞ்சின் அப்போது உயிர்வாழ்வது அந்த ஸ்க்ரூவின் வழியாக வரும் பெட்ரோலால் அல்ல என்று பொருள். அது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐட்லிங்கில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். மேலே வென்சுரி என்ற குறுகிய கழுத்து வழியாகப் போகும் காற்று மிகக் குறைவாக இருப்பதால், அந்த இழுப்பு மெயின் நாசிலிலிருந்து பெட்ரோலை உறிஞ்சப் போதாது. ஆனால் தகட்டுக்குக் கீழே, கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில், வேக்கம் (வெற்றிட இழுப்பு) மிக வலுவாக இருக்கும். அந்த இழுப்பைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் ஐட்லிங்குக்கு என்று தனி வழி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பரிலிருந்து கிளம்பும் பெட்ரோல் மெல்லிய துளை கொண்ட ஐடில் ஜெட் வழியாக ஏறி, ஏர் பிளீடில் சிறிது காற்றோடு கலந்து, கீழிறங்கி, மிக்ஸர் ஸ்க்ரூவின் கூர்முனையைத் தாண்டி, தகட்டுக்குக் கீழே உள்ள சிறு துளை வழியே மேனிஃபோல்டுக்குள் வருகிறது. அதே வழியில், தகட்டின் விளிம்பை ஒட்டி, நீளவாக்கில் ஒரு பிளவும் இருக்கும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் எஞ்சின் தடுமாறாமல் இருக்க, தகடு திறக்கத் திறக்க அந்தப் பிளவு வேக்கத்துக்கு வெளிப்பட்டு, கூடுதல் பெட்ரோல் தரும்.

நீங்கள் ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றியபோது நடந்தது இதுதான்: தகடு அளவுக்கு மீறித் திறந்து, அந்தப் பிளவு முழுவதும் வெளிப்பட்டுவிட்டது, ஒருவேளை மெயின் நாசிலே சொட்டத் தொடங்கியிருக்கலாம். எஞ்சின் அந்தப் பெட்ரோலில் ஓடுகிறது. அதனால் மிக்ஸர் ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடுவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதே திறப்புதான். சிலிண்டரின் சூடான எரிப்பு அறையில் காற்றும் பெட்ரோலும் தொடர்ந்து கிடைத்தால் ஸ்பார்க் இல்லாமலும் அது எரியும். ஆக, 1,200 ஆர்.பி.எம். என்பது நோய்க்கு நீங்கள் கொடுத்த மருந்து. இப்போது அந்த மருந்தே நோயை மறைத்துக்கொண்டிருக்கிறது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடுச்சாலையில் நின்றுபோகும் வண்டியை வீடு சேர்க்க யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் தகட்டை அதன் இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவராமல் செய்யும் எந்தச் சோதனையும் தெளிவான விடை தராது.

தகடு மிகையாகத் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் வேக்கம் அட்வான்ஸுக்குப் போகும் குழாய் பல கார்புரேட்டர்களில் தகட்டுக்குச் சற்று மேலே உள்ள துளையிலிருந்து எடுக்கப்படும். சரியான ஐட்லிங்கில் அங்கே இழுப்பு இருக்காது, அல்லது மிகச் சொற்பமாக இருக்கும். குழாயைக் கழற்றி அந்த முனையில் விரல் வைத்துப் பாருங்கள். விரலை வலுவாக இழுத்தால் தகடு அந்தத் துளையைத் தாண்டித் திறந்திருக்கிறது. உங்கள் எஞ்சினில் அந்தக் குழாய் நேரடியாக மேனிஃபோல்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் வேக்கம் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மூலக் குறை பெட்ரோல் குறைவா அதிகமா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். சோக்கில் நன்றாக ஓடி, சோக் திறந்ததும் தள்ளாடும் எஞ்சின் பெரும்பாலும் பெட்ரோல் பற்றாத எஞ்சின்தான். இருந்தாலும் ஊகத்தில் நிற்க வேண்டாம். எஞ்சின் சூடாக, தள்ளாடிக்கொண்டிருக்கும்போது சோக் தகட்டை ஒரு நீண்ட திருப்புளியின் முனையால் மெதுவாகச் சற்றே மூடுங்கள். ஓட்டம் சீராகி ஆர்.பி.எம். ஏறினால் பெட்ரோல் போதவில்லை. உடனே மூச்சுத் திணறினால் பெட்ரோல் மிகுதி. உள்ளங்கையால் கார்புரேட்டரின் வாயை மூடிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பெட்ரோல் குறைந்த எஞ்சின் கார்புரேட்டர் வழியாகவே திருப்பி வெடிக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன். முகத்தையும் மேலே குனிய விடாதீர்கள். டார்ச் அடித்துச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், ஐட்லிங்கில் மெயின் நாசிலிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறதா என்பதும் தெரியும். ஐட்லிங் ஸ்க்ரூவை இறக்கிய பிறகும் சொட்டினால் ஃப்ளோட் மட்டம் உயர்ந்திருக்கிறது, அல்லது சேம்பருக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் நீடில் வால்வு சரியாக அடைக்கவில்லை. அப்போதுதான் ப்ளக்குகள் கரி படிந்து கறுத்திருக்கும். புகையும் கறுப்பாக வரும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால், பற்றாக்குறை என்றே வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

பற்றாக்குறை ஐட்லிங்கில் மட்டும் தெரிந்து, நெடுஞ்சாலையில் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐட்லிங்கில் எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றே மிகக் குறைவு. மேனிஃபோல்டின் வேக்கமோ மிக அதிகம். எங்கேனும் ஒரு சிறு கீறல் இருந்தால், அதன் வழியாகப் புகும் காற்று மொத்தக் காற்றில் கணிசமான பங்காகிவிடும். த்ராட்டில் திறந்து வேகமெடுக்கும்போது வேக்கம் குறைகிறது, மொத்தக் காற்றோ பல மடங்காகிறது. அதே கீறல் அப்போது பொருட்டாகவே இருக்காது. பெட்ரோல் முழுமையாக எரியப் பொதுவாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று தேவை. ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் பழைய புகை கொஞ்சம் தங்கிவிடுவதால், கார்புரேட்டர் எஞ்சின் அதைவிடச் சற்றுச் செறிவான கலவையையே விரும்பும். கொஞ்சம் காற்று கூடினாலே அது தள்ளாடத் தொடங்குவது அதனால்தான்.

காற்று புகும் இடங்களில் முதல் சந்தேகம் நீங்கள் கை வைத்த இடத்தின்மேல்தான் விழ வேண்டும். குறை தொடங்கியது கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டிய அன்று. எனவே அதன் அடித்தட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கட்டையும், வெப்பத்தைத் தடுக்கும் பேக்கலைட் கட்டையையும் முதலில் பாருங்கள். ஒரே கிட்டில் பல மாடல்களுக்கான கேஸ்கட்டுகள் வருவதுண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரு துளை மட்டும் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். பழைய கேஸ்கட்டை எறியாமல் வைத்திருந்தால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தவறான கேஸ்கட் ஐட்லிங் வழியையே அடைத்துவிடலாம், அல்லது வேக்கம் போகும் வழியைத் திறந்து போட்டுவிடலாம். இன்னொன்று, நட்டுகளை மிகையாக முறுக்கியதால் அடித்தட்டு வளைந்திருப்பது. நேரான எஃகு அளவுகோலை அதன்மேல் நிறுத்தி, இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தால் போதும். குளிரில் மூடியிருக்கும் மெல்லிய இடைவெளி சூட்டில் உலோகம் விரியும்போது திறந்துகொள்வதும் உண்டு. உங்கள் எஞ்சின் சூடேறிய பிறகு மோசமாவதற்கு, சோக் திறப்பதோடு இதுவும் சேர்ந்திருக்கலாம்.

கழற்றாமலே காற்றுப் புகும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். அடித்த இடத்தில் கசிவு இருந்தால் ஆர்.பி.எம். மாறும் என்பது உண்மைதான். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் எரியும் திரவத்தைத் தெளிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. செடிக்குத் தெளிக்கும் சிறு பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, கார்புரேட்டர் அடி, மேனிஃபோல்டு சேரும் இடங்கள் என்று ஒவ்வொன்றாக மெல்லிய தூவலாகத் தெளியுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் படும்போது உறிஞ்சும் ஓசை மாறும், ஓட்டம் ஒரு நொடி வேறுபடும். டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் சூடான எக்ஸாஸ்ட் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைகள் அனைத்தையும் வண்டியைத் திறந்தவெளியில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு அடையும் வைத்துச் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து.

பிறகு ரப்பர் குழாய்கள். 1980களின் பிக்கப்புகளில் மாசுக் கட்டுப்பாட்டுக்காகப் பத்து, பதினைந்து மெல்லிய குழாய்கள் பின்னிக்கொண்டு ஓடும். இத்தனை வருடச் சூட்டில் அவை முனையில் வெடித்திருக்கும். என் தொழிலின் தொடக்க காலத்தில், இதேபோல் தள்ளாடிய ஒரு பிக்கப்பின் கார்புரேட்டரை இரண்டு முறை முழுவதும் பிரித்துப் பூட்டினேன். கடைசியில் குறை இருந்தது, பிடியின் மறைவில் அடிப்பக்கமாக வெடித்திருந்த ஒரு குழாயில். மேலிருந்து பார்த்தால் அது புதிதுபோலவே தெரிந்தது. அன்று முதல் குழாய்களைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்புவதை விட்டுவிட்டேன். முனையில் துணி சுற்றிய கொறடால் ஒவ்வொரு குழாயையும் மேனிஃபோல்டுக்கு அருகே நெரித்துப் பாருங்கள். எதை நெரித்தால் எஞ்சின் சீராகிறதோ, குறை அந்தக் குழாயிலோ அது போய்ச் சேரும் பாகத்திலோ இருக்கிறது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை மறந்துவிடாதீர்கள். பிரேக் மிதிக்கும்போது தள்ளாட்டம் கூடினால் அல்லது மிதிக்கும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்ற ஓசை கேட்டால் பூஸ்டரின் உட்படலம் கிழிந்திருக்கலாம். அது ஐட்லிங் விஷயம் மட்டுமல்ல, பிரேக் விஷயம். வேறு எதற்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். கிராங்க்கேஸ் புகையை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென ஓசை வர வேண்டும். எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு ஐட்லிங்கில் முழுவதும் மூடியிருக்க வேண்டும். கரி சிக்கி அரைகுறையாகத் திறந்து நின்றால், புகை உள்ளே புகுந்து இதே மாதிரியான தள்ளாட்டத்தைத் தரும்.

ஒரு வேக்கம் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள் அல்லது இரவல் பெறுங்கள். புதிய கார்புரேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மேனிஃபோல்டில் நேரடியாக இணைத்தால், நல்ல எஞ்சின் ஐட்லிங்கில், கடல் மட்டத்துக்கு அருகே, 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவைக் காட்டி முள் அசையாமல் நிற்கும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். முள் அசையாமல், ஆனால் வெகு கீழே நின்றால், காற்றுக் கசிவையோ பின்தங்கிய இக்னிஷன் டைமிங்கையோ தேட வேண்டும். மெதுவாக மேலும் கீழும் அலைந்தால் கலவை சரியில்லை. சீரான இடைவெளியில் சடக்கென்று கீழிறங்கி ஏறினால், ஒரு சிலிண்டரின் வால்வு அடைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அதைக் கார்புரேட்டரில் தேடிப் பயனில்லை. டைமிங், பாயின்ட் இடைவெளி, ப்ளக், வால்வு கிளியரன்ஸ் ஆகியவற்றை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்த பிறகே கலவையில் கை வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்; அதனால் அதை நீட்டவில்லை.

காற்று எங்கும் புகவில்லை என்று உறுதியானால், ஐட்லிங் வழிக்குள் போகலாம். உங்கள் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒற்றை ஒயருடன் சிறிய உருளைபோல ஒரு சொலினாய்டு இருக்கிறதா என்று பாருங்கள். சாவி போட்டால் 12 வோல்ட் வந்து, அதன் உள்ளே உள்ள ஊசி பின்வாங்கி ஐட்லிங் பெட்ரோலுக்கு வழிவிடும். அணைத்தால் ஊசி முன்னே வந்து வழியை அடைக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஒயரைக் கழற்றி மாட்டினால் ‘டிக்’ என்று ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று சோதனை விளக்கால் பாருங்கள். பூட்டும்போது இந்த ஒயரை மாட்ட மறந்துவிடுவதோ, முனை தளர்ந்துபோவதோ மிகச் சாதாரணமாக நடப்பது; அப்படி நடந்திருந்தால் உங்கள் எல்லா அறிகுறிகளும் அந்த ஒரு ஒயரில் அடங்கிவிடும். சோக்கில் இருக்கும்போது ஃபாஸ்ட் ஐடில் கேம் தகட்டைத் திறந்து வைத்திருப்பதாலும், மூடிய சோக் தகட்டின் கீழே உண்டாகும் இழுப்பு மெயின் வழியிலிருந்தே பெட்ரோலைக் கொண்டுவருவதாலும், ஐட்லிங் வழி செத்திருந்தாலும் காலையில் எஞ்சின் நன்றாகவே ஓடும். சொலினாய்டின் ஊசியை வெட்டி எறிந்துவிட்டு மாட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், பிறகு சாவியை அணைத்தாலும் எஞ்சின் ஓடும் குறை நிரந்தரமாகிவிடும்.

சொலினாய்டு சரியாக இருந்தால் ஐடில் ஜெட்டைக் கழற்றுங்கள். அதன் துளை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். சுத்தம் செய்தபோது கிளம்பிய பழைய கேஸ்கட் துணுக்கு ஒன்று போதும் அதை அடைக்க. அதற்குள் எஃகுக் கம்பியை விடவே விடாதீர்கள். துளை கண்ணுக்குத் தெரியாத அளவு பெரிதானாலும் அந்த ஜெட்டின் அளவு போய்விடும். கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதினால் போதும். பிடிவாதமான அழுக்குக்கு ஒற்றை நைலான் இழையைப் பயன்படுத்தலாம். பிறகு எஞ்சின் ஆறியிருக்கும்போது, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, ஜெட் இருந்த துளையில் கிளீனரை அடியுங்கள்: கீழே மிக்ஸர் துளையிலும் பிளவிலும் அது பீறிட்டு வர வேண்டும். வராத துளையில்தான் அடைப்பு இருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பின்னரே ட்யூனிங். மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே போகும்வரை விரல்நுனி அழுத்தத்தில் மட்டும் திருகி, ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இறுக்கினால் அதன் கூர்முனையில் வளையம்போல் தடம் விழும்; பிறகு எந்தச் சுற்றிலும் கலவை சரியாக அமையாது. ஏற்கெனவே பலமுறை முழுக்க உள்ளே திருகியிருப்பதால், அதை ஒருமுறை கழற்றி முனையைப் பார்த்துவிடுவது நல்லது. ஐட்லிங் ஸ்க்ரூவை லிவரிலிருந்து விலகும்வரை பின்வாங்கி, மீண்டும் தொட்ட இடத்திலிருந்து ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று மட்டும் உள்ளே விடுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, சோக் முழுவதும் திறந்திருப்பதை உறுதிசெய்து, ஏர் கிளீனரை மாட்டிய நிலையில், கேஜின் முள் அதிகபட்சமாக ஏறும் இடத்துக்கு மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகி, பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். இரண்டையும் மாறிமாறி இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். பானெட் அடியில் உள்ள ஸ்டிக்கரில் குறித்த வேகமே உங்கள் இலக்கு. இந்த வகை நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் அது 700 முதல் 850 ஆர்.பி.எம்.முக்குள் இருக்கும். அந்த வேகத்தில் மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகும்போது எஞ்சின் திணறினால், ஐட்லிங் வழி உயிர்பெற்றுவிட்டது. சாவியை அணைத்ததும் எஞ்சின் அந்தக் கணமே நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பட்டறைக்காரர் சொன்னது சரியாக இருக்கக்கூடிய ஓர் இடம் மட்டும் உண்டு. த்ராட்டில் தண்டை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தண்டு சுழலத்தான் வேண்டும், ஆடக் கூடாது. தெளிவாக ஆடினால், தண்டு உட்காரும் துளை தேய்ந்து அதன் வழியே காற்று போகிறது. ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை விடும்போதும் தகடு வெவ்வேறு இடத்தில் வந்து உட்காருவதால், ஐட்லிங் ஒருமுறை 700, மறுமுறை 1,000 என்று அலையும். ஓடும் எஞ்சினில் தண்டின் இரு முனைகளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு ஓட்டம் சற்றுச் சீரானால் சந்தேகமே வேண்டாம். கேஸ்கட்டாலோ ட்யூனிங்காலோ இதைச் சரிசெய்ய முடியாது. அப்போதும்கூட, லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் அடித்துத் தர முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் எஞ்சினுக்கென்றே ஜெட் அளவுகள் வைக்கப்பட்ட அசல் கார்புரேட்டருக்குப் புதிய புஷ் போட்டு வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் ஒன்றை அதன் இடத்தில் பூட்டுவதை அதற்குப் பிறகுதான் யோசிப்பேன்.